காலித் தட்டை நம்பாதீர்கள்

எங்கள் வார்ட்டில் ஒருவர் தெளிந்துவிட்டாரா என்று அறிய முதலில் பார்ப்பது அவருடைய சோற்றுத் தட்டைத்தான். புதிதாக வேலைக்கு வந்த நீங்களும் முதல் வாரத்திலேயே இதைக் கவனித்திருப்பீர்கள். மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் உளநலப் பிரிவுக்குப் போதையோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கசிப்பு என்னும் கள்ளச்சாராயமோ கடைச் சாராயமோ குடித்தவர்கள். குடியை நிறுத்தியதும் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது, சோற்றைக் கண்டாலே குமட்டும். சிலருக்கு வலிப்பு வரும். சிலர் சுவரில் இல்லாத பூச்சிகளை விரட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டி, இரவு முழுக்க நன்றாகத் தூங்கி, காலையில் தட்டை வழித்துச் சாப்பிட்டாரென்றால் பெரும்பாலும் ஆபத்து விலகிவிட்டது. கட்டில் தட்டுப்பாடான வார்ட்டில் இது பெரிய விஷயம். தட்டு காலியானால் கட்டிலும் காலி என்று சிற்றூழியர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இந்தக் கணிப்பை நான் குறை சொல்லவில்லை. குடிப் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு இன்றும் இது சரியாகவே இருக்கிறது. தாதி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது, இது பொருந்தாமற்போன ஒருவரைப் பற்றி.

அவரை ரவி என்று அழைப்போம். நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தகப்பன் கவ்வாத்து வெட்டுகிறவர். அதாவது தேயிலைச் செடிகள் மறுபடி தழைப்பதற்காக அவற்றைக் கட்டையாக வெட்டிவிடும் வேலை. ரவி பள்ளிக்கூடம் முடித்ததும் கொழும்புக்குப் போய், ஒரு நைட் கிளப்பில் மதுபானம் கலந்து கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். விடிய விடிய வேலை. களைப்புத் தெரியாமல் இருக்க வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த கொக்கேய்ன் பிறகு பழக்கமாயிற்று. வேலை போய்க் கையில் சரக்கும் இல்லாமல் ஊருக்குப் பஸ் ஏறி வந்தவர், யாரோ துரத்துகிறார்கள் என்று தேயிலைக்குள் ஓடி ஒளிந்திருக்கிறார். தகப்பனும் அயலவர்களும் பிடித்துக் கொண்டுவந்து எங்களிடம் சேர்த்தார்கள்.

எங்கள் நிபுணர் ஒரு சிங்களப் பெண் வைத்தியர், என்னைவிட வயதில் இளையவர். ரவியைப் பார்த்த அன்றே எல்லோரையும் கட்டிலருகே நிறுத்தி விளக்கினார். மூளையில் ஒரு நரம்புக் கலம் அடுத்த கலத்துக்குச் செய்தி சொல்ல டோபமின், செரட்டோனின் போன்ற இரசாயனங்களை வெளியே விடும். செய்தி போனதும் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும். அந்தத் திரும்பும் வழியைக் கொக்கேய்ன் அடைத்துவிடுகிறது. வெளியே விட்டது வெளியிலேயே தேங்கி நிற்கும்போது உற்சாகம், தைரியம், பேச்சு எல்லாம் பொங்கும். கொக்கேய்ன் நின்றதும் அந்த அளவு பழைய இடத்துக்கு வந்து நிற்பதில்லை. அதற்கும் கீழே இறங்கிவிடுகிறது. செரட்டோனின் குறைந்தால் மனநிலை சரியும், எரிச்சல் கூடும், தன்னைத்தானே தடுத்து நிறுத்தும் சக்தி தளரும்.

"விலங்குகளின் மூளையில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். மனிதருடைய மூளையில் அவ்வளவு நேராக அளக்க முடியாது. அதனால் செரட்டோனின் ஒன்றுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்," என்றார். "ஆனால் இது மட்டும் நிச்சயம். இவர் முதலில் தூங்குவார், நிறையச் சாப்பிடுவார். அது குணமானது இல்லை, களைத்து விழுந்து கிடப்பது. அதற்குப் பிறகுதான் நீங்கள் கவனிக்க வேண்டும்."

அந்தப் பள்ளத்தை உடனே நிரப்ப ஒரு மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யவே வாரக்கணக்காகும், இந்த நிலைக்கு அவை உதவும் என்பதற்கு உறுதியும் இல்லை. இரத்தப் பரிசோதனையிலும் எதுவும் தெரியாது. பார்த்துக்கொண்டிருப்பதே வைத்தியம்.

நிபுணர் சொன்னதை எல்லோரும் கேட்டோம். பிறகு அவர் வேறு நகரத்துக் கிளினிக்குக்குப் போய்விட்டார். ரவி தூங்கினார். சாப்பாட்டு வண்டி வரும் நேரம் எழுந்து, தட்டை நீட்டி, இரண்டாம் தடவையும் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். காதால் கேட்டதைக் கண்ணால் பார்த்தது மெல்ல மெல்ல அழித்துவிட்டது. எங்கள் சிற்றூழியர் பண்டா, சிங்களவரானாலும் தோட்டத் தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுகிற மனிதர், என்னிடம் வந்து சிரித்தார்.

"பய தெளிஞ்சிட்டான் மிஸ். தட்ட கழுவ தேவயில்ல, அவனே கழுவுன மாதிரி வச்சிருக்கான்."

வார்ட்டுக்குப் புதிதாக வந்திருந்த இளம் டாக்டருக்கும் அதே எண்ணம். இரண்டு நோயாளிகள் தரையில் பாய் விரித்துக் கிடந்தார்கள். ரவிக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்ப அவர் எழுதிக்கொண்டிருந்த காலையில்தான் தகப்பன் வந்தார். கூடவே தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவரேதான் கோயில் கமிட்டிக்கும் பொறுப்பு.

"பயல கூட்டிக்கிட்டு போக வந்தோம் மிஸ்," என்றார் தகப்பன். "இன்னைக்கி அந்தியில காமன் கோயில்ல காப்பு கட்டு. இவன்தான் மதன்."

காமன் கூத்து நடக்கிற தோட்டங்களில் மதன் வேடம் சிறிய காரியமில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். கையில் காப்புக் கட்டியவர் ஒரு வேளை சாப்பாடு, விரதம், இராத்திரி இராத்திரியாக ஒத்திகை என்று இருக்க வேண்டும். பௌர்ணமியன்று சிவன் மதனை எரிப்பார். வேடமிட்டவர் விழுந்து கிடக்க, ரதி தலைவிரி கோலமாக ஒப்பாரி வைப்பாள், தோட்டமே சேர்ந்து அழும். மூன்றாம் நாள்தான் மதனை எழுப்புவார்கள். ரவி கொழும்பில் இருந்தபோதும் வருடம் தவறாமல் லீவு எடுத்து வந்து அந்த வேடம் கட்டியவர்.

தலைவர் நேரே கட்டிலுக்குப் போனார். "என்னடா மாப்ள, கொழும்பு காத்து பட்டு ஆட்டம் மறந்துருச்சா? ரதிக்கு இந்த வருசம் தொப்ப போட்டுருச்சு. பக்கத்துல நின்னா நீ தெரிவியான்னு சந்தேகம்."

ரதி வேடம் கட்டுகிறவர் தோட்டத்து லொறி சாரதி. அடுத்த கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

ரவி, "சரி," என்றார்.

காலையில் நான் மாத்திரையைக் கொடுத்தபோதும் அதே "சரி". பண்டா போர்வையை மடிக்கச் சொன்னபோதும் அதே "சரி". வருடம் முழுக்க ஒரு மனிதன் காத்திருந்த விஷயத்துக்கும் போர்வைக்கும் ஒரே குரலில் பதில் வந்தது எனக்கு உறுத்தியது. முகம் கழுவிவிட்டு வரும்படி அவரை அனுப்பி, அப்படியே மருந்து அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினேன்.

"சாப்பாடு பிடிக்குதா ரவி?"

"சாப்புடுறேன் மிஸ்."

"பிடிக்குதான்னு கேட்டேன்."

சிறிது யோசித்தார். "தெரியல மிஸ். வயிறு கேக்குது, போடுறேன். வாய்க்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"மதன் வேசம்?"

"முந்தி பிடிக்கும்." பிறகு தரையைப் பார்த்தபடி, ஏதோ வானிலை சொல்வதுபோலச் சொன்னார்: "எரிச்ச பெறகு மூணாம் நாள் எழுப்புவாங்கல்ல மிஸ். இந்த தடவ எழுப்பாம விட்டுட்டாங்கன்னா நல்லா இருக்கும்."

இப்படிப்பட்ட பேச்சை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு தோளைத் தட்டி அனுப்புவது மிகவும் எளிது. வெளியே ஆட்டோ நிற்கிறது, தலைவர் நிற்கிறார், டாக்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆனால் நீங்கள் அந்த இடத்தில் நின்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான். நேராகக் கேளுங்கள்.

"சாகணும்னு தோணுதா ரவி?"

அப்போதுதான் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "தோணுது மிஸ். யாரும் கேக்கல."

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்காமல் விட்டால்தான் அந்த எண்ணம் தனியாக வளர்கிறது. எப்படி என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேட்டேன். யோசித்திருந்தார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனால் அதற்கு வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பது மட்டும் போதும்.

"இத அப்பாகிட்ட சொல்லலாமா?"

"நீங்க சொல்லுங்க மிஸ். எனக்கு வாய் வராது."

பண்டாவை ரவியின் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு இளம் டாக்டரிடம் போனேன். பேனா கையில் இருந்தது. நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். நன்றாகத் தூங்குகிறாரே, சாப்பிடுகிறாரே என்றார். அதைத்தான் நிபுணர் மேடம் முதலே எச்சரித்தார், கையெழுத்துப் போடுவதற்கு முன் அவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள் என்றேன். நல்ல பிள்ளை, கௌரவம் பார்க்கவில்லை. நிபுணர் தொலைபேசியில் சொன்னது சுருக்கம்: அனுப்ப வேண்டாம், கண் பார்வையில் வைத்திருங்கள், ஆனால் குடும்பத்தோடு சண்டை போட்டு நிறுத்தாதீர்கள். அவர்கள் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் பிறகு ஆபத்து நேரத்திலும் இங்கே வர மாட்டார்கள்.

அந்தக் கடைசிப் பகுதி என் தலையில் விழுந்தது. நடைபாதை வாங்கில் தகப்பனையும் தலைவரையும் உட்கார வைத்தேன். தகப்பனுக்குத் தெரிந்த தொழிலில் இருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன்.

"கவ்வாத்து வெட்டுன மலையில அடுத்த கிழமையே கொழுந்து எடுக்க ஆள் அனுப்புவாங்களா?"

"அனுப்ப மாட்டாங்க மிஸ். மொட்டையால்ல இருக்கும்."

"உங்க மகனோட மூளையும் இப்ப அப்படித்தான் இருக்கு. துளிர்க்க நாளாகும்."

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "கவ்வாத்து வெட்டுன செடி ரெண்டு தட்டு சோறு கேக்காது மிஸ். இவன் கேக்குறானே."

தலைவர் சத்தமாகச் சிரித்தார். உவமை அங்கேயே முடிந்துபோயிற்று. நோயாளியின் குடும்பத்துக்குப் புரிய வைக்க அழகான ஒப்புமை தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். போதை நின்ற பிறகு மனதைத் தாங்குகிற சத்து மூளையில் குறைந்துபோயிருக்கிறது, உங்கள் மகன் சாக நினைக்கிறார், என்னிடம் அவர் வாயாலேயே சொன்னார், உங்களிடம் சொல்லும்படியும் சொன்னார்.

தகப்பனின் கைகள் முழங்காலில் அப்படியே நின்றன. "வெளையாட்டுக்கு சொல்லிருப்பான்," என்றார்.

"வெளையாட்டான்னு கேட்டுட்டுத்தான் வந்தேன்."

தலைவருக்குச் சிரிப்புப் போய்விட்டது. "கோயில்ல பேர் சொல்லியாச்சு மிஸ். மாத்துனா சனங்க ஒரு மாதிரி பாப்பாங்க."

"காப்பு கட்டியாச்சா?"

"இல்ல. அந்திக்குத்தான்."

"கட்டுன பெறகு?"

"கட்டிட்டா எல்ல தாண்ட முடியாது. மதன எழுப்புற வரைக்கும் தோட்டத்த விட்டு ஒரு அடி வெளிய வைக்க கூடாது."

"நடுவுல இவருக்கு முடியாம போனா இங்க கொண்டாருவீங்களா தலைவரே?"

அவர் தகப்பனைத் திரும்பிப் பார்த்தார். காப்புக் கட்டிய மதனை எல்லை தாண்டிக் கொண்டுவர அந்தத் தோட்டத்தில் யாருக்கும் துணிவு இருக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பட்டினியும் தூக்கமில்லாத இரவுகளும், கடைசியில் தான் செத்துக் கிடக்க ஊரே அழுகிற அந்த ஒப்பாரியும், ஏற்கெனவே சாவை நினைத்துக்கொண்டிருக்கிற ஒருவருக்காகக் காத்திருந்தன.

"காப்பு கட்டுறதுக்கு முன்னாடி மதனுக்கு கால் ஒடஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"வேற ஆள போடுவோம். ஒடஞ்ச காலோட ஆட சொல்லவா முடியும்?"

"இதுவும் அப்படி ஒண்ணுதான்."

இப்போது தகப்பன் தலைநிமிர்ந்தார். குரல் தாழ்ந்திருந்தது. "கால் ஒடஞ்சா மாவுக்கட்டு இருக்கும் மிஸ். எல்லாருக்கும் காட்டலாம். இவனுக்கு என்னத்த காட்டுறது? பைத்தியம்னுதான் பேசுவானுங்க. நாளைக்கி எவன் பொண்ணு கொடுப்பான்?"

அவருடைய தயக்கத்துக்குக் காரணம் கோயிலோ செரட்டோனினோ அல்ல, இதுதான். யாரும் பேச மாட்டார்கள் என்று ஆறுதல் சொல்லி இருக்கலாம். பொய்யை அவர் உடனே கண்டுபிடித்திருப்பார்.

"பேசுவாங்க," என்றேன். "கொஞ்ச நாளைக்கி பேசுவாங்க. ஆள் இருந்தாத்தான் அப்பறம் பொண்ணு பாக்க முடியும்."

வெளியே ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். தலைவர் எழுந்து வேட்டியை உதறினார்.

"பேசுறவன்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆள மாத்துனது நான்தான்னு சொல்றேன். திட்டுறவன் என்னய திட்டட்டும், எனக்கு அது பழக்கம்தான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு மிஸ். எழுப்புற அன்னைக்கி பய அங்க இருக்கணும். மேளக்காரங்களோட நின்னு தப்பு அடிக்கட்டும். தப்படிக்கிறதுக்கு காப்பு வேணாம்."

ஆகட்டும் என்று வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அன்றைய வெற்றியின் சந்தோஷத்தில் பின்னால் வரும் நாட்களுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "டாக்டர் அம்மா பாத்துட்டுத்தான் சொல்லணும். அனுப்ப முடிஞ்சா கட்டாயம் அனுப்புவோம்," என்றேன்.

தலைவர் தனியாக ஆட்டோவில் போனார். தகப்பன் வார்ட்டுக்குள் வந்து மகனுடைய கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பார்வையாளர் நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டில் என்னென்ன பொருட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று போகும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொன்னேன். மறுநாள் வந்து, எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது என்றார்.

அடுத்து வந்த நாட்கள் சுலபமாக இருக்கவில்லை. ரவியின் கட்டிலைத் தாதியர் மேசைக்கு எதிரே மாற்றினோம். தூக்கம் குறைந்து, எரிச்சல் ஏறியது. ஒருநாள் பண்டாவைக் கெட்ட வார்த்தையில் ஏசிவிட்டு, பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இன்னொரு நாள் கொழும்புக்கே போய்விடுகிறேன் என்று கதவருகில் நின்றார். இளம் ஊழியர்கள், முன்பு நன்றாக இருந்தவர் இப்போது மோசமாகிவிட்டார் என்றார்கள். முன்பு இருந்ததுதான் மோசம், இப்போது அது கண்ணுக்குத் தெரிகிறது என்று நிபுணர் சொன்னார். ஒவ்வொரு வேலை மாற்றத்திலும் பொறுப்பேற்பவர் அதே கேள்வியை அவரிடம் நேராகக் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் "தோணுது" என்றார். பிறகு "கொஞ்சம்" என்றார். பிறகு ஒருநாள், "தெனமும் இதயே கேக்குறீங்களே, உங்களுக்கு வேற வேல இல்லயா மிஸ்," என்றார். நான் அன்று வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் நிம்மதியாகப் போனேன்.

மதனை எழுப்பும் நாளுக்கு நிபுணர் அனுமதி கொடுத்தார். தகப்பன் பக்கத்தை விட்டு நகரக் கூடாது, மறுநாள் காலையில் வார்ட்டில் இருக்க வேண்டும், இடையில் சரியில்லை என்றால் கூத்து பாதியில் நின்றாலும் கொண்டுவர வேண்டும். காப்பு இல்லாதவருக்கு எல்லை இல்லை என்பதால் தலைவரும் மறுப்புச் சொல்லவில்லை.

பிறகு ரவி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஒருமுறை சறுக்கினார். மறைக்காமல் தானாகவே திரும்பி வந்தார். இப்போது ஹட்டனில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். அதெல்லாம் நீண்ட காலத்து வேலை, பலருடைய கை அதில் உண்டு. நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது, கூத்து முடிந்து அவர்கள் திரும்பி வந்த அந்த நாளைத்தான்.

தகப்பன் களைத்துப்போய் வந்தார். "இனிமே இவன கூட்டிக்கிட்டு போக மாட்டேன் மிஸ். போனதுலருந்து குத்தம்தான். வாய் மூடல."

"பின்ன என்ன மிஸ்," என்றார் ரவி. "புது மதனுக்கு எந்திரிக்கவே தெரியல. செத்தவன் எந்திரிக்கிறப்ப மொதல்ல வெரல் அசையணும், அப்பறம் கண்ணு. அவன் மாடு எந்திரிக்கிற மாதிரி பின்னாடிய தூக்கிக்கிட்டு எந்திரிக்கிறான். ரதி சிரிச்சிட்டா. அழ வேண்டிய ரதி சிரிச்சா கூத்து என்னத்துக்கு ஆகும்?"

"நீ அடிச்ச தப்பு மட்டும் ரொம்ப ஒழுங்கு," என்றார் தகப்பன்.

"தப்பு காயவே இல்லப்பா. நெருப்புல சரியா காய்ச்சி கொடுத்தா அடிச்சிருப்பேன்."

அவர்கள் இருவரும் இப்படியே வாதாடிக்கொண்டு கட்டிலுக்குப் போனார்கள். மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்து போன பிறகு பண்டா என்னைத் தேடி வந்தார். முகத்தில் கவலை.

"மிஸ், ஒருக்கா வந்து பாருங்க. பய சோத்த மிச்சம் வச்சிட்டான். பாதி அப்படியே இருக்கு."

போனேன். ரவி தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ரவி, சாப்பிடலையா?"

"எப்படி மிஸ் சாப்புடுறது? பருப்புல உப்பே இல்ல."

எங்கள் வைத்தியசாலைப் பருப்பில் என்றைக்குமே உப்பு இருந்ததில்லை. வந்த நாளிலிருந்து அவர் அதைத்தான் இரண்டு தட்டாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பண்டாவைப் பார்த்தேன். அவர் கவலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை எடுத்துக்கொண்டு போங்கள், மேசை லாச்சியில் உப்பு இருக்கிறது, கொஞ்சம் கொண்டுவந்து கொடுங்கள் என்றேன்.